அமெரிக்கப் பள்ளிகளில் 'பொருந்தாத' புத்தகங்கள்: சட்டம் என்ன சொல்கிறது, சண்டை எதற்கு?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். மகள் 7-ஆம் வகுப்பு படிக்கிறாள். புதுச் சட்டம் வந்திருக்கிறது, பள்ளி நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுக்கிறார்கள் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. குழந்தைக்குப் பொருந்தாததை எடுத்தால் நல்லதுதானே? இதை ஏன் புத்தகத் தடை என்கிறார்கள்? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: பொருந்தாததைக் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது என்பதில் உங்களுக்கும் பள்ளி நூலகருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. அமெரிக்காவில் அது ஏற்கெனவே குற்றம்தான். இப்போது வந்திருக்கும் சட்டங்களில் மூன்று இடங்களைப் படித்துப் பார்த்தால் சண்டை எதற்கு என்று தெரிந்துவிடும்: 'பொருந்தாதது' என்பதற்கு என்ன வரையறை எழுதியிருக்கிறார்கள், அதை முடிவு செய்வது யார், முடிவு தவறிப்போனால் தண்டனை யாருக்கு. சட்டத்தின் முன்னுரையில் குழந்தைகள் நலன் என்றுதான் எல்லா மாநிலத்திலும் இருக்கும். விளைவு என்னவென்று தீர்மானிப்பது இந்த மூன்றும்தான்.

முதலில் அங்கே பள்ளி எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நமக்குப் பழக்கமான, மாநிலம் முழுக்க ஒரே பாடநூல் என்ற முறை அங்கே இல்லை. நாடு முழுக்கச் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள், அதாவது அந்தந்த வட்டாரப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்புகள், இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியம் உண்டு. எதைக் கற்பிக்க வேண்டும் என்ற தரத்தை மாநிலம் வகுக்கும். எந்தப் புத்தகத்தை வாங்குவது என்பது பெரும்பாலும் வாரியத்தின் கையில் இருக்கும். ஒன்றிய அரசுக்கு இதில் நேரடி அதிகாரம் மிகக் குறைவு. அதனால்தான் அயோவாவில் ஒரு சட்டம், இல்லினாயில் அதற்கு நேர் எதிரான சட்டம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். வகுப்பில் ஆசிரியர் நடத்தும் பாடம் வேறு, மாணவி தானாகப் போய் எடுத்துப் படிக்கும் நூலகப் புத்தகம் வேறு. பாடம் கட்டாயம், தேர்வு உண்டு, மதிப்பெண் உண்டு. நூலகத்தில் கட்டாயம் எதுவும் இல்லை. நீதிமன்றங்கள் நெடுங்காலமாக இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்த்து வந்தன. பாடத்திட்டத்தில் பள்ளிக்கு நிறைய அதிகாரம், நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுப்பதில் கொஞ்சம் கட்டுப்பாடு. குழுவில் நடக்கும் சண்டையில் பாதி, ஒருவர் பாடத்தை மனதில் வைத்தும் இன்னொருவர் நூலகத்தை மனதில் வைத்தும் பேசுவதால் வருவது என்பது என் கணிப்பு.

சரி, பழைய சட்டத்துக்கு வருவோம். 1968-இல் 'கின்ஸ்பெர்க் எதிர் நியூயார்க்' வழக்கு. 16 வயதுப் பையனுக்கு நிர்வாணப் பட இதழ்களை விற்ற ஒரு கடைக்காரருக்கு விதித்த தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பெரியவர்களுக்கு விற்கத் தடையில்லாத ஒன்றையும் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று மாநிலம் சட்டம் போடலாம் என்பது அந்தத் தீர்ப்பு. 1973-இல் 'மில்லர் எதிர் கலிஃபோர்னியா' வழக்கில் ஆபாசத்துக்கு மூன்று கட்டச் சோதனையை வகுத்தார்கள். சாதாரண மனிதர் ஒருவர் தன் வட்டாரத்தின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், படைப்பு முழுமையாகப் பாலுணர்வைக் கிளறுவதற்காகவே இருக்கிறதா? சட்டம் குறிப்பிடும் பாலியல் செயல்களை அருவருக்கத்தக்க விதத்தில் காட்டுகிறதா? முழுமையாக எடுத்துக்கொண்டால் குறிப்பிடத்தக்க இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு அதில் இல்லையா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் ஆபாசம். இதையே சிறுவர்களுக்கு ஏற்றபடி மாற்றி, 'சிறார்க்குத் தீங்கானது' என்று பல மாநிலங்கள் தங்கள் குற்றவியல் சட்டத்தில் எழுதி வைத்தன.

இதில் 'முழுமையாக' என்ற ஒரு நிபந்தனைதான் அத்தனைக்கும் அச்சாணி. 400 பக்க நாவலில் ஒரு பெண்ணுக்கு நடந்த வன்கொடுமையை ஒரு பக்கம் சொல்கிறது என்று வையுங்கள். அந்த ஒரு பக்கத்தைக் கத்தரித்து எடுத்துப் படித்தால் எந்தத் தாய்க்கும் பதறும். முழு நாவலைப் படித்தால், அந்தப் பெண் எப்படி மீண்டாள் என்பதற்காகவே ஆசிரியர் அதை எழுதினார் என்று தெரியும். பழைய சட்டம் முழு நாவலையும் படிக்கச் சொன்னது. 2021-க்குப் பிறகு வந்த சட்டங்களில் பல, அந்த ஒரு பக்கமே போதும் என்கின்றன.

அயோவாவைப் பாருங்கள். 2023 மே மாதம் ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் கையெழுத்திட்ட எஸ்.எஃப். 496 என்ற சட்டம், ஒரு பாலியல் செயலின் வர்ணனையோ படமோ உள்ள எந்தப் புத்தகமும் பள்ளியில் இருக்கக் கூடாது என்கிறது. 'பாலியல் செயல்' என்பதற்கான வரையறையைக் குற்றவியல் சட்டத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 5 வயதுக் குழந்தைக்கும் 18 வயதில் கல்லூரிக்குத் தயாராகும் மாணவருக்கும் ஒரே அளவுகோல். இலக்கிய மதிப்பு உண்டா என்ற கேள்வியே அதில் இல்லை. மத நூல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கை எழுத வேண்டி வந்ததே வரையறை எவ்வளவு அகலம் என்று காட்டிவிடுகிறது.

அந்த மாநிலத்தின் மேசன் சிட்டி என்ற ஊரில் பள்ளி நிர்வாகம் ஒரு சிக்கலில் மாட்டியது. நூலகத்தில் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் வரி வரியாகப் படித்துப் பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. புகாருக்கு உள்ளாகும் நூல்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, "இந்தப் புத்தகத்தில் பாலியல் செயல் வருகிறதா?" என்று சாட்ஜிபிடியிடம் கேட்டார்கள். அது 'ஆம்' என்று சொன்னதை வைத்து 19 நூல்களை எடுத்தார்கள். எடுத்ததில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளரின் நாவலும் உண்டு. அந்த நிர்வாகிகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முதல் மீறலுக்கு எச்சரிக்கை, அடுத்த மீறலுக்கு உரிமம் வழங்கும் அமைப்பின் முன் ஒழுங்கு விசாரணை என்று சட்டம் எழுதிவைத்திருந்தது. ஒரு புத்தகம் அலமாரியில் தங்கிவிட்டால் ஆசிரியரின் பிழைப்பு போகலாம். நூறு நல்ல புத்தகங்களை எடுத்துவிட்டாலோ, ஏன் எடுத்தாய் என்று அவரைச் சட்டம் கேட்காது. இப்படி ஒரு தராசை வைத்துவிட்டு, பள்ளிகள் அளவுக்கு மீறி எடுத்துவிட்டன என்று பள்ளிகளையே குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

2023 டிசம்பரில் ஒன்றிய மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதி ஸ்டீபன் லோச்சர் அந்தப் பிரிவை நிறுத்திவைத்தார். அலமாரியிலிருந்து போனவை வரலாற்று நூல்கள், செவ்வியல் நாவல்கள், பாலியல் வன்முறையிலிருந்து தப்புவது எப்படி என்று மாணவர்களுக்குச் சொல்லும் புத்தகங்கள் என்று அவருடைய உத்தரவு எடுத்துக்காட்டியது. இந்தக் கடைசி வகையை நினைத்துப் பாருங்கள். குழந்தையைப் பாதுகாக்க என்று வந்த சட்டம், பாதுகாப்பைக் கற்றுத்தரும் புத்தகத்தையே வெளியேற்றியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையுத்தரவை நீக்கியது. 2025 மார்ச்சில் லோச்சர் மறுபடி நிறுத்தினார். மாநிலம் மறுபடி மேல்முறையீடு செய்தது. நடுவில் மாட்டிய ஆசிரியர்கள் எடுத்து, வைத்து, திரும்ப எடுத்து என்று அலைந்தார்கள்.

ஃபுளோரிடா வேறு மாதிரி. அங்கே 2023-இல் வந்த ஹெச்.பி. 1069 என்ற சட்டம், பாலியல் நடத்தையை 'விவரிக்கும்' புத்தகம் என்று ஒருவர் ஆட்சேபித்தால் 5 பள்ளி நாள்களுக்குள் அதை எடுத்துவிட வேண்டும், விசாரணை முடியும்வரை திரும்ப வைக்கக் கூடாது என்கிறது. வாரியக் கூட்டத்தில் பெற்றோர் ஒரு பத்தியை வாசிக்கத் தொடங்கி, இதை இங்கே வாசிக்க முடியாது என்று வாரியம் நிறுத்தினால், அந்தப் புத்தகத்தைப் பள்ளியில் பயன்படுத்துவதையும் நிறுத்த வேண்டும். பெரியவர்கள் கூட்டத்தில் உரக்க வாசிக்கத் தயங்குவது, 17 வயது மாணவி தனியே படிக்கவும் கூடாதது என்று சட்டம் முடிவுகட்டிவிட்டது. இரண்டும் ஒன்றா?

சிறாருக்குத் தீங்கான பொருளைத் தெரிந்தே பள்ளி வளாகத்தில் கொடுப்பது அந்த மாநிலத்தில் 5 ஆண்டுவரை சிறை வைக்கக்கூடிய குற்றம். 2023 தொடக்கத்தில் சில மாவட்டங்களில் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறைப் புத்தக அலமாரிகளைக் காகிதத்தால் மூடிவைத்த படங்கள் வெளிவந்தன. அந்தப் பயத்தின் விளைவு அது. எஸ்காம்பியா மாவட்டத்தில் மறுபரிசீலனைக்காக எடுத்தவற்றில் அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் இருந்தன. புகார்கள் குவிந்துபோனதால், பள்ளியில் பிள்ளை இல்லாதவர் மாதத்துக்கு ஒரு ஆட்சேபணைதான் கொடுக்கலாம் என்று 2024-இல் ஃபுளோரிடா தானே சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. குவிந்தது எப்படி என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2021-22 கல்வியாண்டில் நாடு முழுக்க வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களை வாஷிங்டன் போஸ்ட் ஆராய்ந்தபோது, அவற்றில் பாதிக்கு மேல் வெறும் 11 பேர் கொடுத்தவை என்று தெரியவந்தது. 'பெற்றோர் கேட்கிறார்கள்' என்று சொல்லும்போது எத்தனை பெற்றோர் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

யூட்டாவில் 2022 சட்டம் வந்ததும், அந்த வரையறைப்படி பைபிளும் ஆபாசம்தான் என்று ஒருவர் டேவிஸ் பள்ளி மாவட்டத்தில் புகார் கொடுத்தார். 2023-இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளிலிருந்து பைபிளை எடுத்தார்கள். பெரிய எதிர்ப்பு. சில வாரங்களில் திரும்ப வைத்துவிட்டார்கள். எதிர்த்த பெற்றோர்களுக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும் என்று புரிகிறது. தங்களுக்குப் புனிதமான நூலிலிருந்து சில வசனங்களை மட்டும் பிய்த்தெடுத்து அதை ஆபாசம் என்று யாரோ சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது? முழு நூலையும் பாருங்கள் என்று அன்று அவர்கள் வாதாடியது முற்றிலும் சரி. அதே நியாயம் மற்ற நூல்களுக்கும் வேண்டும். 2024-இல் யூட்டா இன்னொரு படி போனது. மூன்று மாவட்டங்கள் ஒரு புத்தகத்தை எடுத்தால் மாநிலம் முழுக்க எல்லாப் பொதுப் பள்ளியிலும் எடுக்க வேண்டும். எங்கோ சில ஊர்களின் முடிவு, அந்தப் புத்தகத்தில் தவறே காணாத ஊரின் பெற்றோரையும் கட்டுப்படுத்துகிறது.

இதுவரை படித்துவிட்டு நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாக நீங்கள் நினைக்கலாம். சாய்ந்துதான் இருக்கிறேன், ஆனால் பெற்றோரின் கவலை பொய் என்று சொல்ல மாட்டேன். உடலுறவைப் படமாக வரைந்து காட்டும் சில சித்திர நூல்கள் பள்ளி நூலகங்களில் இருந்தது உண்மை. அவற்றை உயர்நிலைப் பள்ளியில் வைக்கலாமா என்று நியாயமான மனிதர்கள் இரண்டு விதமாக நினைக்க முடியும். 11 வயதுப் பிள்ளை எடுக்கும் இடத்தில் வைக்கக் கூடாது என்பதுதான் என் கருத்தும். தங்கள் வரிப்பணத்தில் என்ன வாங்கினார்கள் என்றே பட்டியல் கிடைக்காமல் பெற்றோர் அலைந்த மாவட்டங்களும் உண்டு. கொரோனா காலத்தில் பிள்ளையின் பாடம் வீட்டு மேசைக்கு வந்தபோது, இவ்வளவு நாள் இதைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று பல வீடுகளில் தோன்றியது. நூலகப் பட்டியலை இணையத்தில் வை, வாங்கும் முறையை வெளிப்படையாகச் சொல், என் பிள்ளைக்கு இந்தப் புத்தகம் வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்தால் மதி: இவற்றைச் சட்டமாக்கியதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. என் பிள்ளைக்கு வேண்டாம் என்பதிலிருந்து யார் பிள்ளைக்கும் வேண்டாம் என்று தாண்டும் இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023-24 கல்வியாண்டில் 10,046 தடைகள் என்று பென் அமெரிக்கா என்ற எழுத்தாளர் அமைப்பு கணக்கிட்டது. அது வெவ்வேறு புத்தகங்களின் எண்ணிக்கை அன்று. ஒரே நூல் பத்து மாவட்டங்களில் போனால் பத்து. விசாரணைக்காகத் தற்காலிகமாக எடுத்ததையும் அவர்கள் சேர்க்கிறார்கள். சட்டத்தை ஆதரிப்பவர்கள் இது ஊதிப் பெருக்கிய கணக்கு என்பார்கள். தற்காலிகம் என்று எடுத்தது ஒரு முழுக் கல்வியாண்டு திரும்பாமலே இருப்பதும் உண்டு, அதனால் அதையும் எண்ணுவது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் எண்ணை மேற்கோள் காட்டும்போது இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இது புதிதாக முளைத்த சண்டை என்றும் எண்ண வேண்டாம். மனிதன் வேறு உயிரினத்திலிருந்து வந்தான் என்று கற்பிக்கக் கூடாது என 1925-இல் டென்னசி சட்டம் போட்டது. ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியரை டேட்டன் என்ற சிற்றூரில் விசாரித்து 100 டாலர் அபராதம் விதித்தார்கள். தண்டனை பின்னால் ஒரு நடைமுறைக் குறையால் ரத்தானது. சட்டம் மட்டும் 1967 வரை ஏட்டில் இருந்தது. 1974-இல் மேற்கு வர்ஜீனியாவின் கனாவா மாவட்டத்தில் புதிய மொழிப் பாடநூல்களை எதிர்த்துப் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் அவர்களுக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் பள்ளிப் பேருந்துகள்மேல் துப்பாக்கிச் சூடு, கல்வி வாரியக் கட்டடத்தில் வெடி என்று போய்விட்டது. உங்கள் டெக்சாஸிலேயே லாங்வியூ என்ற ஊரைச் சேர்ந்த மெல், நார்மா கேப்ளர் என்ற தம்பதியர் 1960-களிலிருந்து மாநிலம் பாடநூல்களுக்கு ஒப்புதல் தரும் விசாரணைகளுக்குப் போய் வரி வரியாக ஆட்சேபணை எழுதினார்கள். டெக்சாஸ் பெரிய சந்தை. அங்கே விற்க வேண்டும் என்பதற்காகப் பதிப்பகங்கள் செய்த மாற்றம் மற்ற மாநிலப் பிள்ளைகளின் கைக்கும் போனது. அந்தத் தம்பதியரோடு எனக்கு உடன்பாடு குறைவு. ஆனாலும் அவர்கள் புத்தகத்தை உட்கார்ந்து படித்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

பாலியலைத் தொடாமல், கருத்தைத் தொடும் சட்டங்களும் உண்டு. இனம், அடிமைமுறை, வரலாறு பற்றி எதை எப்படிப் பேசலாம் என்று 2021-இல் டெக்சாஸ், டென்னசி, ஒக்லஹோமா போன்ற மாநிலங்கள் சட்டம் இயற்றின. சர்ச்சைக்குரிய விஷயங்களில் ஆசிரியர் ஒரு பக்கம் சாயக் கூடாது என்று டெக்சாஸ் சொன்னது. படிக்க நியாயமாகத்தான் தெரிகிறது. அந்த அக்டோபரில் சவுத்லேக் என்ற ஊரில் நடந்த ஆசிரியர் பயிற்சியில், யூத இனப்படுகொலை பற்றிய புத்தகம் வகுப்பில் இருந்தால் எதிர்ப் பார்வை உள்ள புத்தகமும் இருக்கட்டும் என்று ஓர் அதிகாரி சொன்னது ஒலிப்பதிவாக வெளியே வந்தது. லட்சக்கணக்கில் குழந்தைகளைக் கொன்றதற்கு எதிர்ப் பார்வை என்ன இருக்க முடியும்? மாவட்டம் மன்னிப்புக் கேட்டது. தெளிவில்லாத சட்டத்தைப் பயந்துபோனவர் படித்தால் இப்படித்தான் படிப்பார்.

நீதிமன்றங்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டால், ஒரே குரலில் எதுவும் சொல்லவில்லை. நியூயார்க்கின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம் நூலகத்திலிருந்து 9 புத்தகங்களை எடுத்த வழக்கில், 1982-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற வாக்குக் கணக்கில் மாணவர்கள் பக்கம் நின்றது. புத்தகத்திலுள்ள கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக எடுக்கக் கூடாது. முழுக்க முழுக்கக் கொச்சையாக இருந்தாலோ கல்விக்குப் பொருந்தாவிட்டாலோ எடுக்கலாம் என்றார் நீதிபதி பிரென்னன். அவருடைய காரணங்களை முழுதாக ஏற்ற பெரும்பான்மை அமையவில்லை என்பதுதான் குறை. அந்த விரிசல் வழியாகத்தான் இன்றைய வழக்குகள் எல்லாம் நுழைகின்றன. டெக்சாஸின் லானோ கவுன்டி பொது நூலகத்திலிருந்து 17 நூல்களை எடுத்த வழக்கில், தகவல் பெறும் உரிமையைக் காட்டி, நூலகம் புத்தகத்தை எடுத்ததை எதிர்த்துப் படிப்பவர் வழக்காட முடியாது என்று 2025 மே மாதம் 5-ஆவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 10-7 என்று முடிவு செய்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. அது பள்ளி வழக்கு இல்லை என்றாலும், டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி மூன்றிலும் இனி யாராவது பள்ளி நூலகத்துக்காக வழக்குப் போட்டால் இந்தச் சுவரில் முட்ட வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபுளோரிடாவில் நீதிபதி கார்லோஸ் மெண்டோசா நேர் எதிராகத் தீர்ப்பளித்தார். பாலியல் நடத்தையை 'விவரிக்கிறது' என்பதற்காக மட்டுமே புத்தகத்தை எடுக்கச் சொல்லும் பிரிவு அளவுக்கு மீறி அகலமானது, அரசியலமைப்புக்கு முரணானது என்றார். ஒரே நாட்டில் ஒரே உரிமை, ஊருக்கு ஊர் வேறு அளவில்.

2025 ஜூன் 27-இல் வந்த மஹ்மூத் எதிர் டெய்லர் தீர்ப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் குழுவில் இதைத்தான் அதிகம் குழப்பிக்கொள்வார்கள். மேரிலாந்தின் மாண்ட்கோமரி கவுன்டியில், தன்பாலின உறவுகளும் பாலின அடையாளமும் வரும் கதைப் புத்தகங்களைச் சிறு வகுப்பில் வாசித்தார்கள். இஸ்லாமிய, கத்தோலிக்க, உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அந்த நேரத்துக்கு மட்டும் விலக்கி வைக்க அனுமதி கேட்டார்கள். முதலில் இருந்த அனுமதியை வாரியம் பின்னால் நிறுத்திவிட்டது. உச்ச நீதிமன்றம் 6-3 என்று பெற்றோர் பக்கம் நின்றது. புத்தகங்களை எடுக்கச் சொல்லவில்லை. முன்கூட்டித் தெரிவித்து, விலக விரும்புபவரை விலகவிடு என்றது. நிர்வாகத்துக்கு இதில் சிரமம் உண்டு, நீதிபதி சோட்டோமயோர் தன் மறுப்புத் தீர்ப்பில் அதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் தன் பிள்ளையை மட்டும் விலக்கிக்கொள்வது, எல்லாப் பிள்ளையின் கையிலிருந்தும் பிடுங்குவதைவிட எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

அப்புறம், உங்கள் மாநிலத்தில் இப்போது என்ன நிலை? 2023-இல் வந்த ஹெச்.பி. 900, பள்ளிகளுக்குப் புத்தகம் விற்கும் கடைகளே ஒவ்வொரு நூலுக்கும் பாலியல் அளவில் தரம் போட வேண்டும் என்றது. அதைக் கொண்டுவந்தவர் ஃபிரிஸ்கோவின் சட்டமன்ற உறுப்பினர் ஜாரெட் பேட்டர்சன். ஆஸ்டினிலும் ஹூஸ்டனிலும் உள்ள இரண்டு புத்தகக் கடைகள் பதிப்பாளர், எழுத்தாளர் சங்கங்களோடு சேர்ந்து வழக்குப் போட, தரம் போடும் பகுதியை நீதிமன்றம் நிறுத்தியது. 2024 ஜனவரியில் 5-ஆவது சுற்று நீதிமன்றமும் அதையே சொன்னது. 2025-இல் எஸ்.பி. 13 வந்தது. நூலகத்துக்கு வாங்கும் புத்தகங்களுக்கு இறுதி ஒப்புதல் இனி பள்ளி வாரியத்துக்கு. வாங்கப்போகும் பட்டியலை முன்கூட்டிப் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள ஆலோசனைக் குழு அமைக்கலாம்; போதுமான பெற்றோர் மனுக் கொடுத்தால் அமைத்தே தீர வேண்டும். ஆட்சேபணை வந்த நூல் முடிவு தெரியும்வரை மாணவர் கைக்குப் போகாது. 'அநாகரிகமான', 'கொச்சையான' உள்ளடக்கம் கூடாது என்பதற்கு அவர்கள் எழுதியிருக்கும் வரையறை, வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள ஒளிபரப்பு விதியை ஒத்தது. முழுப் படைப்பையும் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. அதனால் அந்தக் கல்வியாண்டு தொடங்கியதும் சில மாவட்டங்கள் புதுப் புத்தகம் வாங்குவதையே நிறுத்திவைத்தன.

கூடவே வந்த எஸ்.பி. 412 பற்றிக் குழுவில் யாரும் பேசாமல் இருக்கலாம், ஆனால் எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. சிறாருக்குத் தீங்கான பொருளைக் காட்டினார் என்று ஒருவர்மேல் வழக்கு வந்தால், கல்விக்காகக் காட்டினேன் என்று வாதாட முன்பு சட்டம் இடம் தந்தது. அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். 'தீங்கானது' என்பதன் வரையறையில் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை இன்னும் இருக்கிறது, அதனால் நல்ல நூலை வைத்திருந்த நூலகர் கடைசியில் விடுதலை ஆகிவிடுவார் என்றே நம்புகிறேன். ஆனால் அந்தக் கடைசி வருவதற்குள் ஒரு ஆண்டு சிறை, 4,000 டாலர் அபராதம் என்ற மிரட்டலோடு வழக்கறிஞரைத் தேடி அலைய எத்தனை நூலகர்கள் துணிவார்கள்?

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். மகளின் பள்ளி நூலகப் பட்டியல் இணையத்தில் இருக்கும், முதலில் அதைத் திறந்து பாருங்கள். அவள் எடுக்கும் புத்தகங்களின் விவரத்தைப் பார்க்கவும், இன்னின்ன நூல்களை அவளுக்குத் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் புதுச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. ஆட்சேபணை கொடுக்கத் தோன்றினால், குழுவில் சுற்றும் பக்கப் படத்தை நம்பாதீர்கள். புத்தகத்தை வாங்கி முழுதாகப் படித்துவிட்டு, எந்த வயதுக்கு ஏன் பொருந்தாது என்று எழுதுங்கள். நடுநிலைப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றினால் போதுமா என்றும் கேளுங்கள். பல நேரம் அதுவே சரியான தீர்வாக இருக்கும். நூலகரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். 7-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று உங்களைப் போலவே நாள் முழுக்க யோசிப்பவர் அவர்.

வாரியத் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். ஹெச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை. வாரியக் கூட்டத்தில் பேச அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயத்தைப் பற்றிப் பொதுமக்கள் பேச இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. கூட்டத்துக்குச் சில நாள் முன்பே நிரல் மாவட்ட இணையதளத்தில் வரும். பெயர் பதிவு செய்யும் முறையும் அங்கேயே இருக்கும். பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஆலோசனைக் குழுவுக்குப் பெற்றோரைத் தேடும் அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள். அந்த நாற்காலிகளில் உட்கார யாரும் வராத மாவட்டங்களில், மிகக் கோபமாக இருப்பவர் மட்டும் வந்து உட்கார்ந்துவிடுவார்.

சட்டம் எழுதும் விதம் வேறு மாதிரியும் இருக்க முடியும் என்பதற்கு இல்லினாய் ஓர் எடுத்துக்காட்டு. 2024 ஜனவரியிலிருந்து அங்கே, கருத்துக் காரணமாக நூல்களை எடுக்க மாட்டோம் என்ற கொள்கையை ஏற்கும் நூலகங்களுக்குத்தான் மாநில மானியம். அதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு, பணத்தைக் காட்டி ஊரின் முடிவை வளைப்பது அதுவும்தான். ஆனால் அங்கே எந்த நூலகருக்கும் சிறை பயம் இல்லை. பெற்றோர் வந்து ஆட்சேபணை கொடுக்க வழி இருக்கிறது, நூலகர்கள் உட்கார்ந்து படித்துப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். உங்கள் மாவட்டமும் தனக்கென ஒரு மறுபரிசீலனைக் கொள்கை வைத்திருக்கும். அதை இணையதளத்திலிருந்து எடுத்து, புத்தகம் முழுவதையும் படித்த பிறகுதான் குழு முடிவெடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வாரியத்தில் நீங்கள் போய்ப் பேச வேண்டிய முதல் விஷயம் அது.